புதினாவா, செராயா? எலுமிச்சைத் தண்ணிக்கு எதைக் கூட்டு சேர்ப்பது

வீட்டில் எலுமிச்சைப் புளிப்பும் பச்சிலை வாசமுமாக ஒரு தண்ணி கலக்கலாம் என்று இறங்கினால், எந்தப் பழம், எந்த இலை, எந்த முறை என்று மூன்று கேள்வி வரிசையாக வந்து நிற்கும். மலேசியாவில் பேராக் மாநிலத்து எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால் குழப்பம் இன்னும் கூடுதல். ரப்பர் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. தோட்டங்களில் பாதி செம்பனையாகிவிட்டன, லயத்து வீடுகளை விட்டுச் சனம் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டது, ஆனால் வரும்போது செடிகளையும் கூடவே கொண்டு வந்துவிட்டார்கள். வாசலில் தொட்டியில் கஸ்தூரி எலுமிச்சை, கால்வாய் ஓரம் பாண்டான் என்கிற வாசனை இலைப் புதர், வேலிப் பக்கம் செராய் என்கிற எலுமிச்சைப்புல், புதினா மட்டும் பாசாரில் கட்டாக வாங்கிக்கொள்ளலாம். இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரே ஜக்கில் போட்டால் ஒன்றின் ருசியும் தெரியாது, கஷாயம் குடித்த மாதிரி முகம்தான் சுளிக்கும்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இலையின் வாசத்தைச் சீனிப் பாகில் இறக்கி ஐஸ்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், பழத்தைக் குடிக்கும் நேரத்தில் பிழியுங்கள், இரண்டும் டம்ளரில் சந்தித்தால் போதும். ஆனால் ஒரே ஒருவர் குடிக்கப் போகிற தண்ணிக்கும் கோயில் திருவிழாவில் நூறு பேருக்கு ஊற்றப் போகிற தண்ணிக்கும் ஒரே வழி சரிப்படாது, அதனால் மற்ற வழிகளையும் நியாயமாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் பழம். லீமாவ் நிப்பிஸ், லீமாவ் கஸ்தூரி, ஸ்டிக்கர் ஒட்டி வெளிநாட்டிலிருந்து வரும் மஞ்சள் லெமன், பம்ளிமாஸ் என்கிற லீமாவ் பாலி, இந்த நான்கும்தான் நமக்குச் சுலபமாகக் கிடைப்பவை. நிப்பிஸ்தான் தமிழ்நாட்டில் ஊறுகாய்க்கும் சாதத்துக்கும் போடுகிற அதே எலுமிச்சை இனம். புளிப்பு நேராக வந்து நாக்கில் உட்காரும், சுற்றி வளைக்காது. ஒரு பழத்தில் பதினைந்து இருபது மில்லி சாறு வரும், அதனால் நிறையப் பேருக்குக் கலக்கும்போது வேலை குறைவு. குறை என்னவென்றால் கொஞ்சம் கூடிப்போனால் தொண்டையைப் பிடிக்கும், அதை மறைக்கச் சீனியைக் கொட்ட வேண்டிவரும்.

கஸ்தூரி கதை வேறு. அது மாண்டரின் ஆரஞ்சும் கும்குவாட்டும் கலந்த இனம், அதனால்தான் தோல் பச்சையாக இருந்தாலும் உள்ளே ஆரஞ்சு நிறம், புளிப்புக்குப் பின்னால் ஒரு கமலா ஆரஞ்சு வாசம். தண்ணி கலக்க இதற்கு நிகர் இல்லை என்பது என் கட்சி. பழம் சின்னது, ஒன்றில் ஒரு தேக்கரண்டி, நல்ல பழமாக இருந்தால் ஒன்றரைத் தேக்கரண்டி சாறு கிடைக்கும். ஒரு டம்ளருக்கு இரண்டு, சின்னதாக இருந்தால் மூன்று. ஒரு லிட்டருக்குப் பதினைந்து பழம் பக்கம் வேண்டும். விதையோ ஏராளம்.

அந்த விதைக்கு ஒரு வழி இருக்கிறது. கஸ்தூரியை நடுவில் வெட்டாதீர்கள். நடுவில் வெட்டினால் கத்தி விதைகளையும் சேர்த்துப் பிளக்கும், பிளந்த விதையின் கசப்பு சாற்றில் இறங்கிவிடும். காம்பு இருந்த பக்கமாக மேலே மட்டும் ஒரு வட்டம் மெல்லச் சீவுங்கள். விதைகள் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். டீ வடிகட்டியை டம்ளர் மேல் வைத்து, வெட்டிய பக்கத்தைக் கீழே பார்க்கப் பிடித்து மூன்று விரலால் அழுத்தினால் சாறு இறங்கும், விதை மேலேயே நின்றுவிடும். தோலிலிருந்து பொடியாகத் தெறிக்கும் எண்ணெயில்தான் பாதி வாசம் இருக்கிறது, அதனால் அது டம்ளருக்குள் விழுகிற மாதிரி பிழியுங்கள். சக்கையாகும் வரை நசுக்க வேண்டாம், கடைசிச் சொட்டில் கசப்புதான் வரும். சீனப் பெருநாளுக்கு அலங்காரத்துக்கு வாங்குகிற தொட்டி மரத்துப் பழத்தை மட்டும் பறித்துப் பிழியாதீர்கள், அழகுக்காக வளர்த்த மரம், என்னென்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று விற்றவருக்கே தெரிந்திருக்காது.

மஞ்சள் லெமன் மோசமில்லை. ஒன்றைப் பிழிந்தாலே இரண்டு மூன்று டம்ளருக்குச் சாறு வரும், புளிப்பும் மென்மையாக இருக்கும். ஆனால் அதன் அருமை தோலில், அந்தத் தோலில்தான் கப்பலில் வரும்போது வாடாமல் இருக்க மெழுகு பூசி அனுப்புகிறார்கள். தோலைச் சீவிப் போடுவதாக இருந்தால் வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வாசலில் கஸ்தூரி காய்த்துத் தொங்கும்போது காசு கொடுத்து லெமன் வாங்குவது எனக்கு மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

பம்ளிமாஸ் என்றால் நம் பேராக்காரர்களுக்குத் தம்புன் ஊர்ப் பழம்தான். ஈப்போ பக்கம் போய் வருகிறவர்கள் சாலையோரக் கடையில் நிறுத்தி வலைப்பையில் வாங்கி வருவார்கள். சுளையாகச் சாப்பிட அதைப்போல வராது, தண்ணிக்கு அடிப்படையாக வைக்க அவ்வளவு சரிவராது, புளிப்பு போதாது, சுளைத் தோலில் கசப்பு இருக்கிறது. சுளையை உதிர்த்து, கஸ்தூரித் தண்ணியின் மேல் ஒரு கரண்டி தூவிக்கொடுத்தால் பிரமாதம். இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். கிரேப்ஃபுரூட் பழம் பம்ளிமாஸும் ஆரஞ்சும் சேர்ந்து பிறந்தது. கிரேப்ஃபுரூட் சில மாத்திரைகளை உடம்பு கரைத்து வெளியேற்றுவதைத் தடுத்து, இரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும். பம்ளிமாஸிலும் அதே வகைப் பொருள்கள் இருக்கின்றன. கொழுப்புக்குக் கொடுக்கும் சிம்வாஸ்டாட்டின், இரத்த அழுத்த மாத்திரைகளில் சில, இந்தப் பட்டியலில் வரும். வீட்டில் பெரியவர்கள் இப்படி மாத்திரை சாப்பிட்டால், பம்ளிமாஸ் சாற்றை ஜக்கில் கலப்பதற்கு முன் கிளினிக்கிலோ மருந்துக் கடையிலோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது இலை. போட்டி உண்மையில் புதினாவுக்கும் செராய்க்கும் நடுவில்தான், மற்றவை துணை நடிகர்கள்.

புதினா குடித்தவுடன் வாயில் குளுகுளுவென்று இருக்கும், தண்ணி உண்மையில் இருப்பதைவிடக் குளிராகத் தெரியும். ஒரு கை புதினா வாசத்திலேயே மதிய வெயில் பாதி மறந்துபோகும். ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. இலையின் பச்சை நிறத்தில் ஒரு மெக்னீசியம் அணு நடுவில் உட்கார்ந்திருக்கிறது, புளிப்புச் சாறு பட்டால் அது கழன்றுவிடும், பச்சை பழுப்பாக மாறும். காலையில் புதினாவும் எலுமிச்சையும் சேர்த்துக் கலக்கி வைத்த ஜக் மாலைக்குள் ஏன் குளத்துத் தண்ணி நிறத்துக்கு வந்துவிடுகிறது என்றால் இதுதான் காரணம். குடித்தால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுக்க முகம் இருக்காது. வாசமும் அதற்குள் வைக்கோல் பக்கம் போய்விட்டிருக்கும். அது மட்டுமில்லை, புதினாவை உரலில் போட்டு இடித்தால் பச்சைப் புல் ருசிதான் முன்னால் வரும். வாசம் இருப்பது இலையின் மேல்பரப்பில் உள்ள சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகளில். இலைகளை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாலே அவை உடையும், அது போதும்.

செராய் நேர்மாறு. பச்சையாக டம்ளரில் நறுக்கிப் போட்டால் நார்தான் பல்லில் மாட்டும், வாசம் அரைகுறையாக வரும். சூடு பட்டால்தான் அது வாயைத் திறக்கும். அதற்கு ஒரு தனிப் பொருத்தம் இருக்கிறது: செராய்க்கு வாசம் கொடுக்கும் சிட்ரால் என்னும் பொருள் எலுமிச்சைத் தோலிலும் உண்டு. அதனால் செராய்ப் பாகில் எலுமிச்சை பிழிந்தால் இரண்டு தனித்தனி வாசம் சண்டை போடுவதில்லை, எலுமிச்சையே இன்னும் ஆழமாகத் தெரிகிற மாதிரி இருக்கும், பழத்தைக் குறைத்துக்கூடப் போடலாம். பாசாரில் செராய் விற்கும் அக்காக்கள் மேல் இலையை வெட்டி எறிந்துவிட்டுத் தண்டை மட்டும்தான் கட்டிக் கொடுப்பார்கள். இலையிலும் வாசம் இருக்கிறது, முடிச்சுப் போட்டுக் கொதிக்க வைக்கலாம். “அக்கா, இலையை வெட்டாமக் குடுங்க” என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் பைசா கூடாமல் இரட்டை வேலை.

பாண்டான் தனியாக நிற்காது, செராய்க்குத் துணையாக நன்றாக நிற்கும். பாஸ்மதி அரிசி வேகும்போது வருகிற அதே வாசப் பொருள்தான் பாண்டானிலும் இருக்கிறது, எலுமிச்சையின் கூர்மையை அது கொஞ்சம் மழுக்கிக் கொடுக்கும். இரண்டு மூன்று இலை போதும், அதற்கு மேல் போட்டால் தண்ணி பாயாச வாசம் அடிக்கும். துளசியில் கிராம்பு வாடை தூக்கலாக இருப்பதால் நான்கைந்து இலைக்கு மேல் போடாதீர்கள், பிள்ளைகள் கோயில் தீர்த்தம் என்று சொல்லித் தள்ளி வைத்துவிடுவார்கள். லீமாவ் பூருட் என்கிற காஃபிர் எலுமிச்சை இலை வாசமானது, ஆனால் தொம்யாம் என்கிற தாய்லாந்து சூப் நினைவு வராமல் அதைக் குடிக்க எனக்குத் தெரியவில்லை. இஞ்சி நல்லது, ஒரு விரல்நுனி அளவு. சங்குப்பூ போட்டால் நீலத் தண்ணி எலுமிச்சை விழுந்ததும் ஊதாவாக மாறும், பிறந்தநாள் விருந்தில் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள், ருசிக்கு அதனால் ஒன்றும் கூடப் போவதில்லை.

இப்போது முறை. இதில்தான் வீட்டுக்கு வீடு தகராறு.

பிளெண்டரில் எல்லாவற்றையும் போட்டு அடிப்பது வேகமான வழி. தோலோடு பழம், இலை, சீனி, ஐஸ், ஒரு நிமிடம், முடிந்தது. முதல் வாய் அருமையாகக்கூட இருக்கும். பிறகு தோலின் வெள்ளைப் பகுதியும் விதையும் அரைபட்டது தெரிய ஆரம்பிக்கும், நேரம் போகப் போகக் கசப்பு ஏறும். உங்களுக்கு பிளெண்டர்தான் வசதி என்றால் விதையை எடுத்துவிட்டு, நான்கைந்து விநாடி மட்டும் விட்டு விட்டு அடித்து, உடனே வடிகட்டி, அங்கேயே நின்று குடித்துவிடுங்கள். ஜக்கில் வைத்துப் பிறகு குடிக்கலாம் என்று நினைத்தால் இது சரியான வழி கிடையாது.

டம்ளரிலேயே கலப்பது ருசியில் முதலிடம், இதை யார் எதிர்த்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டம்ளரில் இரண்டு தேக்கரண்டி சீனி, அதன் மேல் கஸ்தூரிச் சாறு, சீனி கரையும் வரை கலக்குங்கள். ஐஸ் போட்ட பிறகு சீனி கரையாது, அடியில் மணலாக நிற்கும், அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். பிறகு பத்துப் புதினா இலையைத் தட்டிப் போட்டு, கரண்டியின் பின்புறத்தால் ஒரே ஒரு அழுத்து, ஒரு சிட்டிகை உப்பு, ஐஸ், தண்ணீர். உப்பு கசப்பை நாக்குக்குத் தெரியாமல் அடக்கும், அதற்காகவே போட வேண்டும். தண்ணீருக்குப் பதில் இனிப்பில்லாத சோடா ஊற்றலாம், அப்படியென்றால் சோடாவைக் கடைசியில் ஊற்றி ஒரே சுற்றுக் கலக்குங்கள், அதிகம் கிண்டினால் நுரை எல்லாம் போய்விடும். ஒருவருக்கு, இருவருக்கு இதுதான் வழி. ஆறு பேர் வந்து உட்கார்ந்தால், கடைசி டம்ளர் போய்ச் சேர்வதற்குள் முதல் ஆள் வெற்று டம்ளரைக் காட்டுவார், நீங்கள் சமையல்கட்டிலேயே நிற்க வேண்டியதுதான்.

ராத்திரி முழுக்க ஜக்கில் ஊற வைக்கிற வழி ஒன்று, பார்க்க அழகு. வட்ட வட்டமாக எலுமிச்சைத் துண்டு, வெள்ளரி, புதினா, தண்ணீர். சீனியே வேண்டாம் என்பதுதான் இதற்குள்ள ஒரே பெரிய பலம். காலையில் பார்த்தால் எலுமிச்சைத் தோல் கசப்பை விட்டிருக்கும், இலை வழவழவென்று ஆகியிருக்கும். இனிப்பு நீர் என்கிற நீரிழிவு உள்ளவர்களுக்காக இப்படிச் செய்கிறீர்கள் என்றால், இலையும் வெள்ளரியும் மட்டும் நான்கைந்து மணி நேரம் ஐஸ்பெட்டியில் ஊறட்டும், பிறகு இலையை எடுத்துவிட்டுக் குடிக்கும்போது எலுமிச்சை பிழியுங்கள். செராயும் பாண்டானும் குளிர்ந்த தண்ணியில் ஒன்றும் தராது, அவற்றைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

பாகு வழிக்கு வருகிறேன். 200 கிராம் சீனி, 200 மில்லி தண்ணீர், நான்கு செராய்த் தண்டு, மூன்று பாண்டான் இலை, கொஞ்சம் இஞ்சி. செராயின் அடிக்கட்டையை வெட்டி, காய்ந்த மேல் உறையை உரித்து, வெள்ளையாக இருக்கும் அடிப்பகுதியைக் கத்தியின் பின்புறத்தால் நார் விடும் வரை தட்டுங்கள். தட்டும்போதே சமையல்கட்டு முழுக்க வாசம் பரவ வேண்டும், பரவவில்லை என்றால் செராய் பழசு. பாண்டானை முடிச்சுப் போட்டு, எல்லாவற்றையும் எவர்சில்வர் சட்டியில் சிறு தீயில் பத்து நிமிடம், பிறகு அடுப்பை அணைத்து மூடி வைத்து அரை மணி நேரம். மூடுவது முக்கியம், திறந்து வைத்தால் வாசம் வீட்டுக்குத்தான் போகும், பாகுக்கு வராது. வடிகட்டினால் ஏறக்குறைய 300 மில்லி வரும். சுத்தமான கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஐஸ்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். 200 மில்லி டம்ளருக்கு ஒரு மேசைக்கரண்டி பாகு, இரண்டு கஸ்தூரி, தண்ணீர், ஐஸ். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையே கலந்துகொள்ளும்.

புதினாவையும் பாகாக்கலாம், ஆனால் கொதிக்க விடக்கூடாது. வெறும் சீனிப் பாகு காய்ச்சி அடுப்பை அணைத்த பிறகு புதினாவைப் போட்டு மூடி, கால் மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். நிறம் பச்சையாக நிற்க வேண்டும் என்றால், முதலில் இலையைக் கொதிநீரில் சில விநாடி முக்கி உடனே ஐஸ் தண்ணியில் போட்டு எடுங்கள், இலையைக் கறுக்க வைக்கும் நொதி அதில் அடங்கிவிடும். இத்தனை பாடு பட்டாலும் செராய்ப் பாகு அளவுக்கு அது நாள் தாங்காது. அதனால்தான் நான் செராயைப் போத்தலிலும் புதினாவை டம்ளரிலும் வைத்துக்கொள்வது. பாகில் செராய், மேலே தட்டிப் போட்ட நான்கு புதினா இலை என்று இரண்டையும் ஒரே டம்ளரில் சேர்க்கவும் செய்யலாம், சண்டை வராது.

சீனி அளவை ஏன் இப்படி ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்துகிறேன் என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தப் பாகில் ஒரு மேசைக்கரண்டிக்குப் பத்து கிராம் சீனி இருக்கும், 200 மில்லி டம்ளரில் அது 100 மில்லிக்கு 5 கிராம். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் போத்தல், டின் பானங்களுக்குச் சீனி வரி போட்டார்களே, பொதுவாக 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் போனால்தான் அந்த வரி. லிட்டருக்கு 40 சென்னில் ஆரம்பித்தது, பிறகு ஏற்றினார்கள். அந்தக் கோட்டை வீட்டிலும் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. அதே 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாக வந்தது, இங்குள்ள இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். கல்யாண வீட்டுச் சிராப் தண்ணியின் இனிப்புக்குப் பழகிய நாக்கு முதலில் முரண்டு பிடிக்கும். செராய் வாசம் தூக்கலாக இருந்தால் இனிப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது, இது பாகு வழிக்கு இன்னொரு ஓட்டு.

வெள்ளைச் சீனிக்குப் பதில் கூலா மெலாகா என்கிற தென்னை வெல்லம் போட்டால் நிறமும் ருசியும் பானகம் பக்கம் சாயும். அது தனியாக நல்ல தண்ணிதான், ஏலமும் சுக்கும் தட்டிப் போட்டு அந்த வழியிலேயே போய்விடுங்கள், புதினாவை அதில் இழுக்காதீர்கள். கற்கண்டு போட்டால் பாகு தெளிவாக இருக்கும், வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு வெல்லமோ தேனோ நல்லது என்று சொல்லிக் கூடுதலாக ஊற்றிக் கொடுக்கிறவர்கள் உண்டு, அதுவும் சீனிதான்.

உப்பில் ஊறிக் காய்ந்த பிளம் பழமான ஆசாம் போய் ரசிகர்கள் இதுவரை கோபத்தில் இருப்பார்கள். கஸ்தூரியோடு ஒரு ஆசாம் போய் போட்டுக் கலக்கிய தண்ணி உப்பும் புளிப்பும் இனிப்புமாக வெயிலுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது வந்துவிட்டால் இலை வாசத்துக்கு அங்கே இடமில்லை, பாக்கெட்டைத் திருப்பிப் படித்தால் பலவற்றில் செயற்கை இனிப்பு இருக்கும், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பையும் யோசிக்க வேண்டும். இலை கைவசம் இல்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே கஸ்தூரி வேண்டாம், நிப்பிஸ் எடுங்கள். நூறு டம்ளர் என்றால் 20 லிட்டர். ஒரு கிலோ சீனி, ஒரு லிட்டர் தண்ணீர், இருபது செராய் போட்டுக் காய்ச்சினால் ஒன்றரை லிட்டர் பாகு, நூறு மேசைக்கரண்டிக்கு அது சரியாக வரும். சாறு 1.6 லிட்டர் வேண்டும், நிப்பிஸ் நூறு பழம் பக்கம் ஆகும். கஸ்தூரியில் இதே சாற்றுக்கு இருநூற்றைம்பது பழத்தை உட்கார்ந்து சீவ வேண்டும், யார் சீவுவது? மீதி தண்ணீரும் ஐஸும். கரையப் போகிற ஐஸையும் தண்ணீர்க் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் டிரம்மில் வெறும் தண்ணிதான் இருக்கும். பாகை முந்தின நாளே காய்ச்சலாம், சாற்றை அன்று காலையில்தான் பிழிய வேண்டும், பழைய சாற்றில் கசப்பு கிளம்பும். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் எலுமிச்சைத் தண்ணியை வைக்காதீர்கள், புளிப்பு உலோகத்தை அரித்துத் தண்ணியில் இறக்கும். எவர்சில்வர் அண்டாவோ சாப்பாட்டுக்கான பிளாஸ்டிக் டிரம்மோ போதும்.

பிழிகிறவர்களைக் கூடாரத்து நிழலில் உட்கார வையுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. எலுமிச்சைச் சாறு, அதிலும் தோல் எண்ணெய், கையில் பட்ட பிறகு வெயில் பட்டால் தோல் வெந்துபோகும், ஒரு நாள் கழித்துச் சிவந்து எரியும், சில பேருக்குக் கொப்பளம் வரும், பிறகு கறுப்புத் தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். பம்ளிமாஸ் மாத்திரை விவகாரத்துக்குக் காரணமான அதே பொருள் வகைதான் இங்கேயும் வேலை செய்கிறது. பிழிந்து முடித்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெளியே போகச் சொல்லுங்கள்.

புளிப்புத் தண்ணியை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருப்பது பல்லுக்கு ஆகாது. ஒரே மூச்சில் இல்லாவிட்டாலும் ஒரே உட்காரலில் குடித்துவிட்டு வாயைக் கொப்பளியுங்கள், உடனே பல் துலக்க வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. கஸ்தூரி மரம் காய்த்தால் ஒரேயடியாகக் காய்க்கும், பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தது போகவும் பிளாஸ்டிக் பையில் மஞ்சளாகி வாடும். அப்படிப்பட்ட சமயத்தில் மொத்தமாகப் பிழிந்து வடிகட்டி ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டியானதும் மூடிபோட்ட டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு குழிக்கு ஒரு மேசைக்கரண்டி பிடிக்கும், அதுதான் ஒரு டம்ளருக்கு வேண்டிய சாறு. அப்போதே பிழிந்த வாசம் முழுசாக இருக்காது, பழமே கிடைக்காத வாரத்தில் லெமன் வாங்குவதைவிட எவ்வளவோ மேல். ஒரு கட்டி, ஒரு கரண்டி பாகு, தண்ணீர். பாகுப் போத்தலின் வாயை ஒவ்வொரு தடவையும் துடைத்து மூடச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஐஸ்பெட்டிக் கதவு வரைக்கும் எறும்பு வரிசை கட்டிவிடும்.